எண்பதால் வகுத்த ரசம்

அந்த நாட்களில் நான் தர ஆய்வாளன். இப்படிச் சொன்னால் பெரிய உத்தியோகம் போலத் தெரியும் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு கம்பெனி. கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்வார்கள். லைனின் கடைசியில் என் மேசை. வந்து விழுகிற பட்டையை ஒரு கேஜில் பொருத்திப் பார்ப்பேன். பொருந்தினால் பச்சை ஸ்டிக்கர், பொருந்தாவிட்டால் சிவப்பு. எட்டு மணி நேரமும் இதுதான் வேலை. மூளைக்கு அதில் கால்வாசி வேலைகூடக் கிடையாது, வாய்க்குச் சுத்தமாகக் கிடையாது. அதனால் வாய்க்கு உண்டான வேலையை எல்லாம் ரூமுக்கு வந்துதான் பார்த்தேன்.

ரூமில் ஐந்து பேர் இருந்தோம். ராமநாதபுரத்துக்காரன், தேனிக்காரன், விருதுநகர்ப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்புறம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டிலிருந்து நான். ஐந்து பேரும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு ஷிப்ட். ரூமுக்கு ஒரே சட்டம்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவன் அடுத்து வரப்போகிறவனுக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைக்க வேண்டும். இதனால் எங்கள் ரூமில் எந்த நேரமும் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான், ஒருவன் கம்பெனி பஸ்ஸில் இருப்பான்.

இந்தச் சட்டத்திலிருந்து எனக்கு மட்டும் முதல் மாதமே விலக்கு கொடுத்துவிட்டார்கள். நானாகக் கேட்டு வாங்கியதில்லை. குக்கரில் அரிசியைப் போட்டு, தண்ணீர் ஊற்ற மறந்து, விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். விசில் வரவில்லை, வேறு வாசனை வந்தது. அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவது என் வேலையாயிற்று.

பாத்திரம் கழுவுகிறவன் வாயை மூடிக்கொண்டு கழுவ வேண்டாமா? நான் அப்படி இல்லை. தர ஆய்வாளன் ஆயிற்றே. ராமநாதபுரத்துக்காரன் சாம்பார் வைத்தால் பருப்பு வேகவில்லை என்பேன். தேனிக்காரன் கறிக்குழம்பு வைத்தால் மசாலா பச்சை வாடை அடிக்கிறது என்பேன். ரசத்தில்தான் என் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். யார் ரசம் வைத்தாலும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடி, தலையை இடமும் வலமும் ஆட்டுவேன்.

“இது புளித்தண்ணி. எங்கம்மா வைக்கிற ரசத்தை நீங்க ஒரு தடவை குடிக்கணும். காய்ச்சல்ல கெடக்கிறவன் எந்திரிச்சு ஷிப்டுக்குப் போயிருவான்” என்பேன்.

ராமநாதபுரத்துக்காரன் பொறுமைசாலி. “சரிடா, உங்கம்மா வரட்டும், குடிப்போம். அதுவரைக்கும் இந்தத் தட்டைக் கழுவு” என்பான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு மிஷன் போர்டிங்கில் சமையல்காரி. எண்பது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிற வேலை. அப்பா நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதே போய்விட்டார். அந்தப் போர்டிங்கை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன், மத்தியானச் சோறு அங்கேதான். அங்கே அம்மா வைக்கும் ரசத்துக்குப் பிள்ளைகளுக்குள் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘கண்ணாடி’. சோற்றில் ஊற்றினால் தட்டின் அடியில் பொறித்திருக்கும் நம்பரைப் படிக்கலாம் என்பதால். அந்தப் பெயரை வைத்தவன் நான். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “கண்ணாடி வருது, மூஞ்சியப் பாத்துக்கோங்க” என்று நான் சொன்னபோது வரிசையே சிரித்தது. அம்மா வாளியோடு மூன்று தட்டு தள்ளித்தான் நின்றாள். என் தட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக ஊற்றிவிட்டுப் போனாள். இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

வீட்டில் அம்மா சமைத்து நான் பார்த்தது மிகக் குறைவு. எண்பது பேருக்கு ஆக்கியவள் வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்பு மூட்ட மாட்டாள். சாயங்காலம் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து எனக்கு வைத்துவிட்டு, ராச்சாப்பாட்டுக்கு மறுபடியும் போர்டிங்குக்கு ஓடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டு அடுப்பு எரியும். ஒரு சின்னச் சட்டியில் மிளகு ரசம் வைப்பாள். சோற்றைக் கையாலேயே குழைத்து, அதில் ஊற்றித் தருவாள். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அந்த ரசத்தைத்தான். வருடத்துக்கு இரண்டு தடவை, எனக்கு ஒருவனுக்காக மட்டும் வைத்த ரசம் அது. மற்ற நாட்களில் நான் குடித்தது கண்ணாடிதான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்டிடி பூத்திலிருந்து போர்டிங் ஆபீஸுக்குப் போன் போடுவேன். அம்மா ஓடி வந்து மூச்சிரைக்க எடுப்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சாப்ட்டியாய்யா? என்ன சாப்ட்ட?”

“நான்தான் சமைச்சேம்மா. ரசம் வச்சேன். உன் ரசம் மாதிரியே வந்துச்சு.”

ஒரு தடவை சொன்னதை அடுத்த வாரமும் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்தில் நான் போனிலேயே வைத்த ரசத்தை ஊற்றினால் செம்பரம்பாக்கம் ஏரி கொள்ளாது. அம்மாவும் நம்பினாள், அல்லது நம்பிய மாதிரி இருந்தாள்.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். போர்டிங் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், போக இடமில்லாத நாலைந்து பேரைக் கூட வேலை பார்க்கும் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டாள். புதன்கிழமை காலையில் தாம்பரத்தில் இறங்கியவளை நான்தான் நாலு நாள் லீவு போட்டுப் போய் அழைத்து வந்தேன். கையில் ஒரு பை நிறையக் கருப்பட்டி.

ரூமில் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. தேனிக்காரன் தக்காளி, கொத்தமல்லி, பூண்டு எல்லாம் முந்தின நாளே வாங்கி வைத்துவிட்டான். “அம்மா, நாளைக்கு உங்க ரசத்தைக் குடிச்சிட்டுத்தான் இவன் வாயை அடைக்கணும்” என்று அம்மாவிடமே சொன்னான். அம்மாவுக்குச் சிரிப்பு. “என்ன ரசம்யா? நான் வைக்கது போர்டிங் ரசம்லா” என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

அம்மாவுக்குப் படுக்க வீட்டு ஓனர் அம்மா கீழே தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். “ஆம்பளப் பசங்க ரூம்ல எப்டிம்மா படுப்பே? நம்ம வூட்லயே படுத்துக்கோ. பகல்ல மேல போய் உன் புள்ளைய பார்த்துக்கினு இரு” என்றார். அன்று முழுக்க அம்மா எங்கள் ரூமைப் பெருக்கினாள், துடைத்தாள், ஸ்டவ் திரியை மாற்றினாள். யார் யார் எத்தனை மணிக்குப் போவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடச் சொன்னால், “அந்த ஒசரத் தம்பி வரட்டும்” என்றாள். உயரத் தம்பி என்றது தேனிக்காரனை. ஊர்ப் பெரிய மனுஷி, மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். பஸ் காற்றோ, தண்ணீர் மாறியதோ தெரியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப் போனேன். ஊசி போட்டு மாத்திரை கொடுத்து, “சாப்பிட்டுட்டுதான் மாத்திரை போடணும்” என்றார். பகலில் எங்கள் ரூமிலேயே ஜன்னலோரம் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். ஓனர் அம்மா இட்லி கொண்டுவந்து வைத்தார். அம்மா பாதி டம்ளர் காப்பி மட்டும் குடித்தாள். “சாப்பிடும்மா” என்றால், “பிறகு சாப்பிடுதேன். அந்த ராம்நாட்டுத் தம்பி சாப்ட்டுச்சா?” என்பாள். அவன் ஷிப்டில் இருப்பான். “அவன் வந்து சாப்பிடுவாம்மா” என்பேன். “சரி, பிறகு பாப்போம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமையும் இதே கதைதான். சாயங்காலம் ஓனர் அம்மா என்னைப் படியில் மடக்கினார்.

“இன்னாப்பா, உங்கம்மா ஒண்ணியும் துன்ன மாட்டேங்குது. ராத்திரி நான் குடுத்த கஞ்சியும் அப்டியே கீது. வெறும் வயித்துல மாத்திரய முழுங்கிக்கினு இருந்தா இன்னாத்துக்கு ஆவறது?”

மறுபடியும் கூட்டிப் போனபோது டாக்டர் அதையே கொஞ்சம் கோபமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏதாவது உள்ளே போகவில்லை என்றால் அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்றார். அம்மாவின் கையைப் பார்த்தேன். எண்பது பேர் சோற்றைக் கிளறிய கை, மணிக்கட்டில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கென்று இருந்த ஒரே ஆள் இவள்தான். என்னைப் பார்க்க வந்த இடத்தில், என் ரூமில், என் கண் முன்னால் பட்டினி கிடக்கிறாள்.

அப்போதுதான் தர ஆய்வாளனின் மூளை வேலை செய்தது. காய்ச்சல் நாக்கு, கசக்கிறது, அதனால் சாப்பிட மறுக்கிறாள். இதற்கு ஒரே மருந்து அந்த மிளகு ரசம்தான். அதை வைத்துக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பிரச்சினையைக் கண்டுபிடித்தாயிற்று, தீர்வையும் கண்டுபிடித்தாயிற்று. என் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

ஒரே ஒரு சிக்கல், எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. தெரிந்தவள் ஸ்டவ்விலிருந்து இரண்டு அடி தள்ளிப் படுத்திருந்தாள். அவளிடம் கேட்க முடியாது. இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் ரசம் வைத்தவன், “அம்மா, ரசத்துக்குப் புளி முதல்ல போடணுமா, தக்காளி முதல்ல போடணுமா” என்று எந்த முகத்தோடு கேட்பது? ரூம்காரர்களிடம் கேட்கலாமா என்றால், அவர்கள் ரசம் எல்லாம் புளித்தண்ணி என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். ஆக, சனிக்கிழமை காலையில் எஸ்டிடி பூத்துக்குப் போய், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் போர்டிங்குக்குப் போன் போட்டு, சித்தியைக் கூப்பிட்டேன். அம்மா வைக்கும் ரசத்தை எப்படி வைப்பது என்று கேட்டேன்.

“அக்கா அங்கதான இருக்காவ? அவியள்ட்ட கேக்கப்பிடாதால?” என்றாள் சித்தி.

“அம்மா தூங்குறாங்க சித்தி. காய்ச்சல். ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறாங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

“ஏ ஆண்டவரே! சரி, எழுதிக்கோ. நானூறு கிராம் புளி. எண்பது கிராம் மொளகு, அதுல பாதி சீரகம். பத்து முழுப் பூடு. தக்காளி ரெண்டு கிலோ. உப்பு ரெண்டு கை. தண்ணி ஒரு கொடத்துக்கு மேல.”

“சித்தி, ஒருத்தருக்கு எவ்வளவு?”

“ஒருத்தருக்கு யாருல ரசம் வைப்பா? எனக்கு எண்பதுதான் தெரியும். அடுப்புல ஏத்துனா முக்கா மணி நேரம் ஆவும் எறக்க. ஏல, இன்னொண்ணு கேளு. அக்கா சாப்பிட மாட்டாவன்னா சொன்ன? அக்கா இங்கயும் அப்பிடித்தாம்ல. கடைசிப் பிள்ள தட்டக் கழுவிக் கவுத்துன பிறகுதான் அவிய வாயில…”

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வேண்டியது அளவு. அது கிடைத்துவிட்டது. “சரி சித்தி, வச்சிடுறேன்” என்று வைத்துவிட்டேன். இவ்வளவு கச்சிதமாக வேலை முடித்த பெருமை வேறு.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த செக்‌ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எண்பதால் வகுத்தேன். புளி ஐந்து கிராம். தக்காளி இருபத்தைந்து கிராம், அதாவது பாதிப் பழம். பூண்டு ஒரு முழுப் பூண்டில் எட்டில் ஒரு பங்கு. உரித்து எண்ணினால் பன்னிரண்டு பல், எட்டால் வகுத்தால் ஒன்றரை. ஒரு பல்லை பிளேடால் சரிபாதியாக அறுத்தேன். மிளகு ஒரு கிராம். ஒரு கிராமை எந்தக் கடையில் நிறுப்பது? பத்து கிராம் வாங்கி வந்து, தாளில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினேன். இருநூற்றுப் பத்து இருந்தது. பத்தால் வகுத்து இருபத்தொரு மிளகை எடுத்துத் தனியே வைத்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த ராமநாதபுரத்துக்காரன் வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்தான்.

“என்னடா பண்ற?”

சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தான். அவனும் லைன் ஆள்தான், கணக்கில் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டான். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தான்.

“முக்கா மணி நேரத்தை நீ வகுக்கலையே.”

“அதை எதுக்கு வகுக்கணும்?”

“எல்லாத்தையும் வகுத்துட்டு டைமை மட்டும் விட்டா எப்புடி? எண்பதால வகுத்தா…” மனக்கணக்குப் போட்டான். “முப்பத்து நாலு செகண்டு வருது.”

“முப்பத்து நாலு செகண்டுல ரசம் ஆகுமாடா?” என்று அவனைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, பாடம் நடத்தினேன். அளவு வேறு, நேரம் வேறு. அவன் பட்டறையில் ஒரு உருப்படியைச் சூளையில் வைத்தாலும் நூறு உருப்படி வைத்தாலும் நேரம் ஒன்றுதானே? நேரத்தில் கை வைத்தால் தரம் போய்விடும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான். என் வாய்க்கு அப்படி ஒரு சக்தி உண்டு.

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்ட ரசத்தை ஸ்டவ்வில் ஏற்றி, வாட்சைக் கழற்றி எதிரில் வைத்தேன். பத்தாவது நிமிடம் நல்ல வாசனை வந்தது. ரூமே மணத்தது. அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். பதினைந்தாவது நிமிடம் சத்தம் மாறியது. இருபதாவது நிமிடம் சத்தமே இல்லை. இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி இருக்கிறதே என்று நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்துக்காரன்தான் எட்டிப் பார்த்தான்.

“டேய், உள்ள ஒண்ணுமே இல்லடா.”

கீழே இருந்து ஓனர் அம்மா, “இன்னாப்பா கருகுது? ஒயர் ஏதுனா புகையுதா?” என்று ஓடி வந்தார். பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் சுரண்டினால் உதிர்ந்தது. இருபத்தொரு மிளகும் அப்படியே இருந்தன. பொடிக்க வேண்டும் என்று சித்தி சொல்லவில்லை, நானும் பொடிக்கவில்லை.

இதற்குமேல் அவமானம் மிச்சமில்லை என்ற நிலைமை ஒருவனுக்கு வந்துவிட்டால் வேலை சுலபமாகிவிடுகிறது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, காய்ச்சலில் நான் பாயில் கிடந்தபோது அம்மா என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். படுத்தபடியே பார்த்ததுதான், ஆனாலும் கண்ணில் இருந்தது. மிளகையும் சீரகத்தையும் டம்ளரின் அடியால் நசுக்கினாள். பூண்டைத் தோலோடு தட்டினாள். தக்காளியைக் கையாலேயே பிசைந்தாள். அப்புறம் எதுவும் அளக்கவில்லை. அடுப்பை விட்டு நகரவும் இல்லை. நுரை கட்டி விளிம்புக்கு ஏறியதும், கொதிக்க விடாமல், சேலைத் தலைப்பால் பிடித்து இறக்கினாள். ஐந்து பேருக்கு ஆகிற மாதிரி அப்படியே செய்தேன். நுரை ஏறியதும் லுங்கியால் பிடித்து இறக்கினேன். ராமநாதபுரத்துக்காரன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தான்.

“ரசம்தாண்டா இது” என்றான். அவன் குரலில் இருந்த ஆச்சரியத்தை நான் கண்டுகொள்ளவில்லை.

சோற்றைக் குழைத்து, ரசத்தை ஊற்றி, அம்மாவிடம் கொண்டுபோனேன். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வாசனை பிடித்தாள். அவள் கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. அப்புறம் கேட்டாள்.

“அந்த ஒசரத் தம்பி சாப்ட்டுச்சா?”

“அவன் ரெண்டாம் ஷிப்டும்மா. ராத்திரிதான் வருவான்.”

“அப்ப வச்சிரு. பிறகு குடிக்கேன்.”

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். பெற்ற தாய், மூன்று நாள் காய்ச்சல்காரி என்றுகூடப் பார்க்கவில்லை. “எவன் சாப்பிட்டா உனக்கென்ன, சாப்பிடாட்டி உனக்கென்ன? அவன் என்ன போர்டிங் பிள்ளையா? நீ சாப்பிடுறியா, ஆஸ்பத்திரிக்குப் போறியா?” என்று கத்தினேன். அம்மா தட்டை ஒரு மூடியால் மூடி, எறும்பு ஏறாமல் இருக்கச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கத்தி முடித்தபின்தான் நான் கத்தியது எனக்கே கேட்டது. போர்டிங் பிள்ளையா என்று நான் கேட்டிருந்தேன். கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் என்று காலையில் சித்தி சொல்ல வந்ததும், நான் மீட்டரைப் பார்த்துப் போனை வைத்ததும் நினைவுக்கு வந்தன. ராமநாதபுரத்துக்காரனிடம் சொன்னேன்.

“எங்கிட்டயும் நேத்து அதான்டா கேட்டாங்க. தம்பி ரெண்டு பேரும் சாப்ட்டாங்களான்னு. அவங்க நைட் ஷிப்டுன்னு சொன்னேன். கஞ்சியத் தள்ளி வச்சிட்டாங்க.” பிறகு மெதுவாகச் சொன்னான். “நம்ம ரூம்ல எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச நேரம்னு ஒண்ணு என்னைக்குடா இருந்திருக்கு?”

காய்ச்சல் காய்ச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவைப் பட்டினி போட்டது காய்ச்சல் இல்லை. எங்கள் மூன்று ஷிப்ட். போர்டிங்கில் எண்பது பிள்ளைகளும் சாப்பிட உட்கார ஒரு மணி அடிக்கும், சாப்பிட்டு முடித்ததற்கு ஒரு மணி அடிக்கும். இங்கே அந்த இரண்டாவது மணி அடிக்கவே இல்லை. நான் மூன்று நாளாகப் புளியையும் நாக்கையும் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் மேசைக்கு வந்த உருப்படிகளிலேயே மிக முக்கியமானதைத் தப்பாகப் பார்த்துவிட்டேன். இத்தனைக்கும் அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களில் நாலு பேருக்கு லீவு. தேனிக்காரனுக்கு மட்டும் ஓ.டி., அதாவது ஓவர்டைம், இருந்தது. “போங்கடா, ஒரு ஓ.டி. போனா போகுது” என்று ரூமிலேயே இருந்துவிட்டான். மத்தியானம் ராமநாதபுரத்துக்காரன் சோறு வடித்தான். நான் மறுபடியும் ரசம் வைத்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஐந்து பேரும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், அம்மாவின் பாய்க்கு எதிரே தட்டோடு உட்கார்ந்தோம்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்களை வரிசையாகப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணினாள். பிறகு பழக்கத்தில் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த விருதுநகர் அண்ணன் தம்பி இரண்டு பேரும் எங்களைவிட இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆமென் சொல்வதில்கூடத் தேனிக்காரன் முந்திக்கொண்டான்.

சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு போட மறந்திருந்தேன். முதல் வாயிலேயே ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. நான் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக நான் படுத்திய பாட்டுக்கு அவர்கள் என்னை அங்கேயே கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. “ரசம் நல்லாருக்குடா” என்றான் ராமநாதபுரத்துக்காரன், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. தேனிக்காரன் இரண்டாவது தடவை வாங்கி ஊற்றிக்கொண்டான். பருக்கை விடாமல் சாப்பிட்டு, ஐந்து தட்டையும் நானே வாளித் தண்ணீரில் கழுவி, அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா ஐந்தையும் பார்த்தாள். “எல்லாரும் சாப்ட்டாச்சா?”

“சாப்ட்டாச்சும்மா.”

“அப்ப எனக்குக் கொஞ்சம் ஊத்துய்யா.”

சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். போனில் நான் வைத்த ரசமெல்லாம் அந்த ஒரு பார்வையில் கீழே கொட்டிப் போயிற்று. “உப்புக் குப்பி எங்க?” என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தூவிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அம்மா சாப்பிடுவதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவள் பரிமாறிப் பார்த்திருக்கிறேன், கழுவிப் பார்த்திருக்கிறேன், வாளியோடு வரிசையில் போய்ப் பார்த்திருக்கிறேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நன்றாக உட்காரக்கூட இல்லை. காய்ச்சல் உடம்போடு ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்துக்காலிட்டு, யாராவது கூப்பிட்டால் எழுந்துவிட வேண்டியவள் போல அவசர அவசரமாக விழுங்கினாள்.

“மெதுவா சாப்பிடும்மா. இன்னும் இருக்கு” என்றேன்.

அம்மா கையை நிறுத்திவிட்டு, கழுத்தை எட்டி, சோற்றுப் பானைக்குள்ளும் ரசப் பாத்திரத்துக்குள்ளும் பார்த்தாள். உள்ளே சோறு இருந்தது, ரசமும் இருந்தது. இனிமேல் சாப்பிட யாரும் பாக்கி இல்லை என்பது உறுதியானதும், மடக்கியிருந்த காலையும் குத்துக்காலையும் நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மெதுவாகச் சாப்பிட்டாள்.